சந்தா கட்டியும் சிக்காத தாத்தா

என் கணவர் ஓஹையோக்காரர். அவருடைய முன்னோர் ஒருவரை 1820 அமெரிக்கக் கணக்கெடுப்பில் பிடித்துவிடலாம் என்று ஒரு வம்சாவளித் தளத்தில் சந்தா கட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, கணக்கெடுப்புப் பக்கங்களின் படங்கள் பளிச்சென்று இருக்கின்றன, ஆனால் பழைய கையெழுத்தைத் தப்பாகப் படித்து ஏற்றியிருந்ததால் இரண்டு வாரம் வீண். 1850க்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. அதிலும் 1820இல் 16–18 வயதுப் பையன்கள் தங்கள் கட்டத்தோடு 16–26 வயதுக் கட்டத்திலும் வருவார்கள், அப்படியே கூட்டினால் வீட்டில் இல்லாத ஆள் முளைப்பார். இதைத் தளம் எங்கும் சொல்லவில்லை. அப்புறம் ஃபேமிலிசர்ச் என்ற இலவச வம்சாவளித் தளத்தில் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். 1840 கணக்கெடுப்பில் ஓய்வூதியம் வாங்கிய பழைய படைவீரர்களின் பெயரும் வயதும் தனியே உண்டு, அங்கே அதே பெயரில் ஒரு கிழவர், வேறொருவர் வீட்டில்! அவர்தானா? பார்க்கலாம். சந்தாவை நிறுத்திவிட்டேன்.