சாபாவா, ஸ்டேஷியாவா? கரீபியனில் அதிகம் பேசப்படாத இரு முக்குளிப்புத் தீவுகள்

கரீபியன் கடலில் ஸ்கூபா முக்குளிப்பு என்றால் பொனேர், கோசுமெல், கேமன் தீவுகள் ஆகிய பெயர்களே முதலில் அடிபடுகின்றன. பொனேரைப் போலவே 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சிகளாக இருந்துவரும் சாபாவுக்கும் சின்ட் யூஸ்டேஷியஸுக்கும் செல்பவர்கள் மிகச் சிலரே. பின்னதை உள்ளூர் மக்கள் ஸ்டேஷியா என்றே அழைக்கின்றனர். இரண்டும் எரிமலைத் தீவுகள்; அருகிலுள்ள சின்ட் மார்ட்டன் தீவிலிருந்து சிறு விமானத்தில் ஏறினால் கால் மணி நேரத்திலோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ இரண்டில் எதிலும் இறங்கிவிடலாம். இரண்டையும் சுற்றியுள்ள கடல் முழுவதும் பாதுகாக்கப்பட்ட கடற்பூங்கா. இரண்டிலும் உள்ளூர் முக்குளிப்பு நிலையம் ஒன்றின் துணையோடுதான் ஸ்கூபா முக்குளிக்க முடியும். இத்தனை ஒற்றுமைகளைப் பார்த்துவிட்டு, எதைத் தேர்ந்தாலும் ஒன்றுதான் என்று முடிவு செய்வது தவறு. எவ்வளவு ஆழத்தில் நிதானமாக இருக்க ஒருவருக்குப் பயிற்சி இருக்கிறது என்பதும், நீருக்கடியில் அவர் எதைத் தேடிப் போகிறார் என்பதும் இந்த இரு தீவுகளையும் வெவ்வேறு திசைகளில் நிறுத்திவிடுகின்றன.

சாபாவின் பரப்பளவு வெறும் 13 சதுர கிலோமீட்டர். அதன் நடுவே மவுன்ட் சீனரி 887 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. கரையோரச் சமவெளியோ சொல்லிக்கொள்ளும்படியான மணற்கரையோ கிடையாது. நீருக்கு மேலே எப்படிச் செங்குத்தாக இறங்குகிறதோ அப்படியே நீருக்கு அடியிலும் தீவு இறங்குகிறது என்பதால், படகு சிறிது நேரம் ஓடியதுமே ஆழ்கடலின் விளிம்பை அடைந்துவிடுகிறோம். 1987இல் நிறுவப்பட்ட சாபா கடற்பூங்காவின் எல்லை 60 மீட்டர் ஆழம் வரை செல்வதும், தீவுக்கு அப்பால் தனித்து நிற்கும் கடலடிப் பாறைச் சிகரங்களை உள்ளடக்கியிருப்பதும் இந்த நில அமைப்பின் விளைவுதான். தேர்ட் என்கவுன்டர், ஐ ஆஃப் தி நீடில், ட்விலைட் சோன், அவுட்டர் லிமிட்ஸ் என்று பெயரிடப்பட்ட இச்சிகரங்களுக்காகவே சாபாவைத் தேடி வருகிறார்கள். ஐ ஆஃப் தி நீடில் கண்ணுக்கு எட்டாத ஆழத்திலிருந்து எழுந்து, நீர்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 27 மீட்டரில் முடியும் ஒற்றைத் தூண். கடற்பஞ்சுகளும் பவளங்களும் மூடிய அதன் உச்சியைச் சுற்றி வரும்போது கீழே பார்த்தால் நீலம் மட்டுமே தெரிகிறது; தரை தெரிவதில்லை.

இங்குதான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. சிகரத்தின் உச்சியே 27 மீட்டரில் இருக்கும்போது, அதைப் பார்க்க விரும்புகிறவர் 30 மீட்டர் வரை இறங்கியாக வேண்டும். முக்குளிப்பு அட்டவணைகளின்படி சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு அந்த ஆழத்தில் சுமார் 20 நிமிடம்தான் இருக்க முடியும். 32 விழுக்காடு ஆக்சிஜன் கொண்ட நைட்ராக்ஸ் என்ற கலவைக் காற்று இருந்தால் அது 30 நிமிடமாக நீள்கிறது. 18 மீட்டர் வரை மட்டுமே செல்ல அனுமதி தரும் தொடக்கநிலைச் சான்றிதழுடன் வருகிறவருக்கு இந்தச் சிகரங்கள் எட்டாக் கனிதான். மிதப்பைக் கட்டுப்படுத்தப் பழகாதவர் மேல்நிலைச் சான்றிதழ் வைத்திருந்தாலும், கீழே தரையில்லாத இடத்தில் தம்மைக் கவனிப்பதிலேயே அந்த 20 நிமிடத்தையும் கழித்துவிடுவார். டென்ட் ரீஃப், மேன் ஓ வார் ஷோல்ஸ் போன்ற ஆழம் குறைந்த இடங்களும் சாபாவில் உண்டு. லேடர் விரிகுடாவுக்கு அருகே மஞ்சள் படிந்த மணலில் விரல்களை நுழைத்தால் எரிமலையின் சூடு கையில் உறைக்கிறது. இவை நல்ல இடங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் இவற்றுக்காக மட்டும் சாபா வரை போவது, திருவிழாவுக்குப் போய்த் தேரைப் பார்க்காமல் திரும்புவதைப் போன்றது.

ஸ்டேஷியா வேறு வகை. பரப்பில் 21 சதுர கிலோமீட்டர். தென்முனையில் 601 மீட்டர் உயரமுள்ள க்வில் எரிமலை. மேற்கே அமைதியான, சரிவு குறைந்த கடல். 1996இல் நிறுவப்பட்ட அதன் கடற்பூங்கா 30 மீட்டர் ஆழத்தோடு நின்றுவிடுகிறது. இந்தத் தீவைத் தேடிப் போவதற்கான காரணம் அதன் வரலாற்றில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் எல்லா நாட்டு வணிகர்களும் தடையின்றி வந்துபோன துறைமுகம் இது. உச்சக்கட்டத்தில் ஆண்டுக்கு 3,000 கப்பல்கள் வரை வந்ததாகச் சொல்லப்படுகிறது. 1776 நவம்பர் 16 அன்று, பிரிட்டனுக்கு எதிரான கலகக் கொடியுடன் வந்த ஆண்ட்ரூ டோரியா என்ற அமெரிக்கக் கப்பலின் வணக்கத்துக்கு ஆரஞ்சுக் கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கிப் பதில் வணக்கம் தந்தார்கள். அதை மறக்காத பிரிட்டன், 1781 பிப்ரவரியில் அட்மிரல் ராட்னியை அனுப்பித் தீவைச் சூறையாடியது. அந்தக் காலத்துக் கிடங்குகளின் அடித்தளங்களும் கடல்சுவரின் இடிபாடுகளும் லோயர் டவுன் கரையோரம் இன்றும் ஆழமில்லாத நீரில் கிடக்கின்றன. சிலிண்டர்கூட இல்லாமல், முகமூடியும் மூச்சுக்குழலும் மட்டும் வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்துவிடலாம்.

டபுள் ரெக் என்ற இடத்துக்குப் போகிறவர் கப்பலை எதிர்பார்த்துப் போகக்கூடாது. மரமெல்லாம் எப்போதோ மக்கிப் போய்விட்டது; கப்பலின் எடையைச் சமன்செய்ய அடித்தட்டில் அடுக்கியிருந்த கற்களின் குவியல்தான் மணல் வெளியில் நீள்கிறது. அந்தக் கற்களின் மேல் பவளம் வளர்ந்து, இடுக்குகளில் சிங்கி இறால்கள் புகுந்து, சுற்றிலும் திருக்கைகள் படுத்துக் கிடக்கும். ஆழம் ஏறத்தாழ 18 மீட்டர் என்பதால் 50 நிமிடத்துக்குக் குறையாமல் நிதானமாகச் சுற்றலாம். மணலை உன்னிப்பாகப் பார்ப்பவர்களின் கண்ணில் சில சமயம் ஐந்து பட்டைகள் கொண்ட நீலக் கண்ணாடி மணி ஒன்று படும். ஆம்ஸ்டர்டாமில் செய்து கொண்டுவரப்பட்டு, பணத்துக்குப் பதிலாகக் கைமாறிய மணிகள் அவை. 1863இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது விடுதலை பெற்றவர்கள் அவற்றைக் கடலில் வீசி எறிந்தார்கள் என்பது தீவில் வழங்கும் கதை. கதை உண்மையோ இல்லையோ, அந்த மணி யாருடைய உழைப்புக்குக் கூலியாகவும் விலையாகவும் இருந்தது என்பதை எண்ணாமல் அதைக் கையில் எடுப்பது கடினம்.

முழு உருவத்தில் கப்பல் வேண்டும் என்பவர்களுக்கு சார்லஸ் எல். பிரவுன் இருக்கிறது. கடலடித் தொலைத்தொடர்புக் கம்பிகளைப் பதிக்கப் பயன்பட்ட, சுமார் 100 மீட்டர் நீளமுள்ள இந்தக் கப்பலை 2003இல் திட்டமிட்டே மூழ்கடித்தார்கள். ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்து மணலில் அது ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. மேற்பகுதி அதைவிட வெகுவாக மேலே இருப்பதால், அவரவர் பயிற்சிக்கு ஏற்ற ஆழத்தில் இதைச் சுற்றி வரலாம். ஒரே கப்பல், பல நிலையினருக்கும் இடம் தருகிறது என்பது சாபாவின் சிகரங்களால் தர முடியாத வசதி. கடற்குதிரை, தவளை மீன் போன்ற சிற்றுயிர்களைப் படமெடுப்பவர்களுக்கும் ஸ்டேஷியாவே பொருத்தம். சுறாக்களையும் பெரிய களவாய் மீன்களையும் காணும் வாய்ப்பு சாபாவின் திறந்த நீரில் கூடுதல்.

பவளங்களின் நிலையை வைத்து எந்தத் தீவையும் உயர்த்திப் பேச முடியாது. 2014இல் புளோரிடாவில் முதலில் தென்பட்ட பவளத் திசு அழிவு நோய் இந்தப் பகுதிக்கும் பரவிவிட்டது. பாசியை மேய்ந்து பவளத்தைக் காக்கும் நீள்முள் கடல்முள்ளெலிகளை 2022இல் பரவிய இன்னொரு நோய் வீழ்த்தியது. பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இரண்டு தீவுகளிலும் சற்று ஏமாற்றம் உண்டு.

கரையில் கழியும் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். தங்குமிடங்கள் மிகுந்த விண்ட்வர்ட்சைடு ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சாபாவில் ஒவ்வொரு நாளும் மலையிலிருந்து ஃபோர்ட் பே துறைமுகத்துக்கு இறங்கி, மீண்டும் ஏற வேண்டும். அந்தச் சாலையைப் போடவே முடியாது என்று டச்சுப் பொறியாளர்கள் கைவிரித்தபோது, ஜோசஃபஸ் லாம்பர்ட் ஹாசல் என்ற உள்ளூர்க்காரர் அஞ்சல்வழியில் பொறியியல் படித்து, ஊராரைக் கொண்டு 1938 முதல் அதைப் போட்டுக் காட்டினார். சாலையில் போவதில் சிக்கல் இல்லை. மவுன்ட் சீனரியின் ஆயிரத்துச் சொச்சம் படிகளில்தான் சிக்கல். முக்குளித்த அன்றே 887 மீட்டர் உயரத்துக்கு ஏறுவது, முக்குளிக்கும்போது உடலில் தங்கிய நைட்ரஜன் குமிழிகளாக வெளிப்படும் ஆபத்தைப் பொறுத்தவரை விமானம் ஏறுவதைப் போன்றது. ஸ்டேஷியாவில் க்வில்லின் வாய்விளிம்பு அந்த அளவு உயரமில்லை. ஆரஞ்செஸ்டாட் நகரிலிருந்து துறைமுகமும் நடை தூரம்தான். அங்கே கண்ணை உறுத்துவது வடக்கே உள்ள எண்ணெய்க் கிடங்கும் நங்கூரமிட்டு நிற்கும் எண்ணெய்க் கப்பல்களும்.

டொமினிக்காவையும் சிலர் இந்தப் போட்டியில் சேர்ப்பதுண்டு. ஷாம்பெய்ன் ரீஃபில் கடல்தரையிலிருந்து எழும் குமிழிகளும், அப்பால் உலவும் எண்ணெய்த் திமிங்கிலங்களும் சிறப்புதான். ஆனால் அது காடும் அருவியும் பார்க்கப் போகிறவர்கள் இடையில் முக்குளிக்கும் நாடு. முக்குளிப்புக்காகவே பயணம் செய்பவர்களுக்கு நான் அதை முன்வைக்கமாட்டேன்.

தொடக்கநிலைச் சான்றிதழ் மட்டும் உள்ளவர்கள் தயங்காமல் ஸ்டேஷியாவைத் தேர்ந்துகொள்ளலாம். 30 மீட்டரில் பலமுறை இறங்கிப் பழகி, நைட்ராக்ஸ் பயிற்சியும் பெற்றவர்கள், ஒன்றுக்கு மட்டுமே வாய்ப்பு உண்டென்றால் சாபாவுக்குப் போகட்டும். இடையில் நிற்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்த பயணமே நல்லது. இரு தீவுகளுக்கும் இடையே மக்கானா என்ற படகு ஓடுகிறது. ஸ்டேஷியாவில் மிதப்பைச் சரிசெய்துகொண்டு பிறகு சாபாவுக்கு வந்தால் சிகரங்களில் கிடைக்கும் சொற்ப நிமிடங்கள் வீணாகா. கடைசி முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 18 மணி நேர இடைவெளி விட்டே விமானம் ஏற வேண்டும்; மவுன்ட் சீனரி ஏற்றத்தையும் அதற்குப் பிறகே வைத்துக்கொள்ள வேண்டும். சாபாவின் ஓடுதளம் வெறும் 400 மீட்டர் நீளம்தான் என்பதால் பலத்த காற்றில் விமானம் இறங்காமல் போகலாம். சின்ட் மார்ட்டனில் தொடர் விமானத்துக்கு முன் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கி வைப்பது நல்லது.