இல்லம் தேடிக் கல்வி சென்டர்: பொண்ண அனுப்பின அம்மாவோட ரிவ்யூ

டியூஷன்ல காசு கட்டி சேக்கலாமா இல்ல இல்லம் தேடிக் கல்விக்கே அனுப்பலாமான்னு நிறைய அம்மாங்க கேக்குறீங்க. என் பொண்ணு அங்க படிச்சவ. அஞ்சாவது வரைக்கும் படிக்கிற புள்ளன்னா யோசிக்காம அனுப்புங்க, உங்க ஊர்ல சென்டர் இப்பவும் நடக்குதான்னு மட்டும் ஸ்கூல் ஹெச்எம்கிட்ட கேட்டுக்கோங்க.

தெரியாதவங்களுக்கு: கொரோனாவால 2020 மார்ச்ல மூடின ஸ்கூல், சின்ன கிளாஸுக்கெல்லாம் 2021 நவம்பர் 1 தான் திறந்துச்சு. அதுக்கு சில நாள் முன்னாடி, அக்டோபர் 27, விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கம் தமிழ்நாடு அரசு இந்தத் திட்டத்த ஆரம்பிச்சுது. அந்தந்த ஊர்ல பிளஸ் டூ, டிகிரி முடிச்சவங்களையே தன்னார்வலரா போட்டு, சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழுக்குள்ள ஒண்ணுல இருந்து ஒன்றரை மணி நேரம் சொல்லித் தர்றது. பீஸ் கிடையாது.

எங்க தெருவுல ஒரு அக்கா வீட்டுத் திண்ணையில நடந்துச்சு. அப்ப என் பொண்ணு மூணாவது, 42-ல 17 போனா 35-ன்னு எழுதுவா, ஏழுல ரெண்டு போனா அஞ்சு, நாலுல ஒண்ணு போனா மூணு, அவ கணக்குக்கு அது சரிதான். அக்கா தப்புன்னு அடிக்கவே இல்ல. வெளக்கமாத்துக் குச்சிய பத்து பத்தா ரப்பர் பேண்ட் போட்டு நாலு கட்டும் ரெண்டு உதிரியும் கைல குடுத்து இதுல 17 எனக்குத் தாடான்னாங்க. ரெண்ட வச்சுக்கிட்டு ஏழு எப்படித் தர்றதுன்னு முழிச்சவ, கொஞ்ச நேரத்துல தானே ஒரு கட்ட அவுத்தா. மிச்சம் ரெண்டு கட்டு, அஞ்சு உதிரி. அதுக்கப்புறம் கடன் வாங்குறதுல அவ தடுமாறி நான் பாக்கல.

இது என் பொண்ணு ஒருத்தி கதைதானேன்னு கேக்கலாம், நியாயம்தான். ஆனா இத ஒழுங்கா அளந்தே பாத்திருக்காங்க. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமெரோன்னு மூணு ஆராய்ச்சியாளர்கள், நம்ம தமிழ்நாட்டு கிராமங்கள்ல சுமார் 19,000 புள்ளைங்க. 2019-லயே அந்த ஊர்கள்ல டெஸ்ட் வச்சிருந்ததால, 2021 டிசம்பர்ல அதே வயசுப் புள்ளைங்கள அதே ஊர்கள்ல திரும்ப டெஸ்ட் பண்ணி எவ்வளவு பின்தங்கியிருக்காங்கன்னு சொல்ல முடிஞ்சுது. தமிழ விட கணக்குல அடி ரொம்ப அதிகம். ஸ்கூல் திறந்து ஆறு மாசத்துல அந்த இழப்புல மூணுல ரெண்டு பங்கு மீண்டுருச்சு, அப்படி மீண்டதுல சுமார் 24 சதவீதம் இந்த சாயங்கால வகுப்பாலன்னு அவங்க கணக்கு. குலுக்கல் போட்டுப் பிரிச்சுப் பாத்த ஆய்வு இல்ல, போன புள்ளைங்களையும் போகாத புள்ளைங்களையும் பழைய மார்க்க வச்சு ஒப்பிட்டுப் போட்டது, அதனால துல்லியமா 24-ன்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா பலன் இருக்குன்னு நம்புறதுக்கு இது போதும்.

எனக்கு அதுல ரொம்ப முக்கியமாப் பட்டது வேற. மூடினப்ப அதிகமா இழந்தது வசதி இல்லாத வீட்டுப் புள்ளைங்க, திரும்ப வேகமா மேல வந்ததும் அவங்கதான், இந்த வகுப்புக்கு அதிகமா வந்ததும் அவங்கதான்ங்கிறது அதுக்கு ஒரு காரணமா இருக்கலாம்னு அந்த ஆய்வு சொல்லுது. காசு கட்டுற டியூஷன்ல இது நடக்கவே நடக்காது.

குறைன்னா தன்னார்வலருக்குக் குடுக்குற தொகை. ஆரம்பத்துல மாசம் 1000 ரூபாய்னு வச்சாங்க, தினமும் இருபது புள்ளைங்கள உக்கார வச்சுப் பாடம் எடுக்குறவங்களுக்கு அது பத்தவே பத்தாது. பலன் இருக்குன்னு ஆய்வே சொன்ன பிறகு மொதல்ல ஏத்த வேண்டியது அதத்தான். இன்னொண்ணு, 2019-ல அளந்து வச்சதாலதான் இவ்வளவும் தெரிஞ்சுது, அந்த மாதிரி அளக்குறத எந்த அரசு வந்தாலும் விடக்கூடாது, இல்லன்னா எத நிறுத்தலாம் எத வளக்கலாம்னு யாருக்கும் தெரியாது.

சேக்கும்போது புள்ள எந்த கிளாஸ்னு மட்டும் சொல்லிட்டு வந்துராதீங்க. கழித்தல்ல கடன் வாங்கத் தெரியுமா, கொம்பு கால் போட்ட எழுத்த தடுமாறாம படிக்குதான்னு அந்த அக்காகிட்ட சொல்லிட்டு வாங்க, அவங்க அங்க இருந்து ஆரம்பிப்பாங்க.