குன்னூர்ச் சரிவில் ஒரு கான்கிரீட் வீடு

முன்பதிவு செய்த இணையதளம் இந்த வீட்டைப் 'பிரிட்டிஷ் காலத்துப் பங்களா' என்று குறிப்பிட்டிருந்தது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் ஊட்டியில் கட்டிய கல் பங்களா தொடங்கி, நீலகிரியில் பழைய வீடு என்றாலே துரைமார் வீடுதான் என்ற நினைப்பு நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் குன்னூருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டி நிற்கும் இவ்வீடு, இப்போதைய உரிமையாளரின் தாத்தா 1950களின் கடைசியில் கட்டியது. ஓட்டுக்கூரையோ பூவேலை செய்த மரச்சட்டங்களோ இதில் இல்லை; தட்டையான கான்கிரீட் தளம், ஒருபுறம் பூசாத கருங்கல் சுவர், தெற்கே கூடத்தின் முழு நீளத்துக்கும் கண்ணாடி, அவ்வளவுதான்.

அந்தத் தெற்குச் சுவருக்காகவே இங்கே தங்கலாம். புதுச்சேரியில் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டா விடுதியின் கான்கிரீட் பலகைகள் வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடுகின்றன; குளிர்ந்த மலையில் கட்டிய இந்தத் தாத்தாவோ வெயிலை வீட்டுக்குள் அழைத்திருக்கிறார். டிசம்பரில் குன்னூரில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 55 பாகை உயரத்தில்தான் நிற்கும் என்பதால், இரண்டரை அடி சன்ஷேடுக்குக் கீழாக வெயில் நுழைந்து சிவப்பு ஆக்சைடு தரையில் விழுகிறது. காலை ஒன்பதரைக்குச் செருப்பில்லாமல் நின்றபோது பாதத்துக்குக் கீழே தரை வெதுவெதுப்பாக இருந்தது; இரண்டடி தள்ளி, நிழலில், அதே தரை சில்லிட்டது. ஏப்ரல் பிற்பகுதியில் சூரியன் உச்சிக்கு வந்துவிடுவதால், அதே சன்ஷேடு நண்பகல் வெயிலை வெளியிலேயே நிறுத்திவிடுமாம். அதைப் பார்க்க நான் மறுபடியும் போக வேண்டும்.

பராமரிப்பில் பெரும்பாலும் நல்ல நிதானம் தெரிகிறது. துருவேறிய இரும்பு ஜன்னல்களைப் பிடுங்கிவிட்டு அலுமினியம் போடாமல், சுரண்டி, வண்ணம் பூசி, கண்ணாடியைப் பிடிக்கும் புட்டிப் பசையை மட்டும் புதிதாக வைத்திருக்கிறார்கள். கறுப்பு பேக்கலைட் சுவிட்சுகள் இன்னும் 'டக்'கென்று விழுகின்றன. இத்தனை பொறுமை காட்டியவர்கள் குளியலறையில் மட்டும் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் ஒட்டியது ஏனென்று புரியவில்லை. அங்கே நுழைந்தால் கோயம்புத்தூர் லாட்ஜ் நினைவுதான் வருகிறது.

இரவுக்கு 6,500 ரூபாய். எல்லா அறைகளிலும் ஹீட்டர் உண்டு என்று இணையதளம் சொன்னது தவறு, ஒன்றில்தான் இருக்கிறது. உணவு எளிமையானது, காலைக் காபியோடு வந்த வர்க்கி நன்றாக இருந்தது.

தட்டைக் கூரை இந்த ஊருக்கு ஒத்துவருமா என்பதுதான் வாங்க நினைப்பவரும் கட்ட நினைப்பவரும் கேட்க வேண்டிய கேள்வி. ஓட்டுச் சரிவில் ஓடிவிடும் தண்ணீர் இங்கே தேங்குகிறது, வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் மாறி மாறி வருவதால் தளம் காயவே நேரம் கிடைப்பதில்லை. மேலே புதிதாகத் தட்டோடு பதித்து, நீர் வடியும் வாட்டத்தையும் கூட்டியிருக்கிறார்கள். அப்படியும் இரண்டாம் இரவு பெய்த மழையில் கூடத்தின் வடமேற்கு மூலை ஒழுகியது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் நான் சொல்வதற்கு முன்பே பித்தளை அண்டாவைச் சரியாக அந்தச் சொட்டுக்குக் கீழே கொண்டுவந்து வைத்தார். "இடம் மாறாதுங்க சார்," என்றார்.