‘இன்னும் சூடு ஏத்துங்க ப்ரோ’: ரப்பர் மீன் கிட் வாங்கி நான் ஏமாந்த கதை

தூண்டிலில் இரையாக மாட்டும் ரப்பர் மீனையும் ரப்பர் புழுவையும் வீட்டிலேயே வார்க்கலாம் என்று ஆசைப்பட்டு ஆன்லைனில் ‘முழு கிட்’ தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். காசு போனது ஒரு பக்கம் கிடக்கட்டும். விற்றவர் சொன்ன யோசனையைக் கேட்டு நடந்து, ஒரு ராத்திரி முழுக்க இருமிக்கொண்டு கிடந்தேன். இதை எழுதுவது முக்கியமாக அதற்காகத்தான்.

தூண்டில் போடுகிறவர்களுக்குத் தெரியும், கடையில் வாங்கும் ரப்பர் மீனுக்கு ஆயுசு குறைவு. பல்லுள்ள மீன் ஒன்று வாலைக் கடித்துக்கொண்டு போனால் முடிந்தது. பாறையில் சிக்கினால் ஜிக் ஹெட்டோடு (ஈயத் தலை வைத்த கொக்கி) சேர்த்துப் போய்விடும். பார்த்துப் பார்த்து வாங்கிய பாக்கெட் ஒரே காலையில் காலியாகும்போது, இதை நாமே வார்த்துக்கொண்டால் என்ன என்று யாருக்குத்தான் தோன்றாது? போதாக்குறைக்கு, 1949-ல் அமெரிக்காவில் ஏக்ரன் என்ற ஊரில் நிக் கிரீம் என்பவர் தன் வீட்டு அடுப்படியில்தான் பிளாஸ்டிக் புழுவை உருவாக்கினார் என்று எப்போதோ படித்திருந்தேன். அடுப்படியில் ஆரம்பித்த வேலைதானே, நமக்கு வராதா என்று ஒரு அசட்டுத் தைரியம்.

கிட்டில் 1 லிட்டர் பிளாஸ்டிசால் (சூடாக்கி ஊற்றினால் ரப்பராகும் திரவம்), இரண்டு பாகமாகத் திறக்கும் அலுமினிய மோல்டு (அச்சு), கலர், கிளிட்டர், ஒரு ‘புகை மாஸ்க்’ என்று போட்டிருந்தார்கள். படத்தில் மோல்டு பளபளவென்று இருந்தது. பக்கத்தில் துடுப்பு வால் வைத்த மீன்கள் வரிசையாகப் படுத்திருந்தன. அந்தப் படத்தை அன்றைக்கே இணையத்தில் படத்தேடலில் போட்டுப் பார்த்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. வேறு ஒரு நாட்டில் இப்படிச் செயற்கை இரை செய்கிறவர் எடுத்த படம் அது. நான் தேடியது எல்லாம் முடிந்த பிறகு.

பார்சலைப் பிரித்ததும் மோல்டைக் கையில் எடுத்தேன். காற்று மாதிரி இருந்தது. அலுமினியம் லேசான உலோகம்தான், அதற்காக இவ்வளவு லேசா? நகத்தால் ஓரத்தைக் கீறினேன். வெள்ளிப் பெயின்ட் உரிந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் மெல்லிய வரி வரியாகத் தெரிந்தது. 3டி பிரின்டரில் அடித்த பிளாஸ்டிக்! அந்த வேலைக்குப் பெரும்பாலும் பயன்படுத்தும் பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். பிளாஸ்டிசாலை ஊற்றுவதோ 170 டிகிரிக்கு மேல். இருந்தாலும் ஒரு நப்பாசையில் ஊற்றிப் பார்த்தேன். வெயிலில் கிடந்த மெழுகுவர்த்தி மாதிரி மோல்டு நடுவில் வளைந்தது. மீனின் வயிற்றில் வெள்ளிப் பெயின்ட் ஒட்டிக்கொண்டு வந்தது. மோல்டின் கதை அத்தோடு முடிந்தது. அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை, பச்சை ஏமாற்று.

பிளாஸ்டிசால் விஷயம் அப்படி இல்லை. அது ஏமாற்று என்று புரியவே எனக்கு மூன்று வாரம் ஆனது.

புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பிளாஸ்டிசால் என்பது, எண்ணெய் போன்ற ஒரு இளக்கியில் பிவிசி தூளைக் கலந்து வைத்த திரவம். பார்க்கப் பால் மாதிரி இருக்கும். சூடாக்கும்போது முதலில் திரிந்ததுபோல் கட்டி கட்டியாகும். என்னடா இது கெட்டுப்போச்சே என்று பயம் வரும். விடாமல் சூடாக்கினால் தூள் மணிகள் எண்ணெயைக் குடித்து ஊதி, ஒன்றோடொன்று கலந்துவிடும். சுமார் 175 டிகிரியை நெருங்கும்போது முழுக்கத் தெளிந்து, ஊற்றுகிற பதத்துக்கு வரும். மோல்டில் ஆறியதும் ரப்பர். எண்ணெய் கூடினால் மென்மை கூடும், தூள் கூடினால் விறைப்பு கூடும். மொத்த வித்தையும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

சரி, மோல்டு போனால் போகிறது என்று பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நானே ஒன்று செய்தேன். தட்டையான அடி உள்ள ரப்பர் புழு ஒன்றைக் கண்ணாடித் தட்டில் ஒட்டி, மேலே பிளாஸ்டரை ஊற்றி, இறுகியதும் கழற்றி, ஒரு வாரம் காயவைத்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை மூன்று பூச்சு கொடுத்தேன். (காயவைப்பதில் அவசரப்படாதீர்கள். உள்ளே ஈரம் மிச்சம் இருந்தால் சூடான திரவம் பட்டதும் ஆவியாகிக் குமிழ் கிளம்பும்.) வேலைக்கென்று பழைய மைக்ரோவேவ் ஒன்றும் தனியாக வாங்கினேன். இந்தத் திரவத்தைச் சூடாக்கிய அடுப்பிலும் பாத்திரத்திலும் அதன் பிறகு சாப்பாட்டுச் சமாச்சாரம் எதையும் வைக்கக் கூடாது.

பாட்டிலை நன்றாகக் குலுக்கி, 100 மில்லி எடுத்து, முதலில் இரண்டு நிமிடம், அப்புறம் கிளறிக் கிளறி முப்பது முப்பது விநாடியாகச் சூடாக்கினேன். தெளிந்தது. ஊற்றினேன். ஆறியதும் எடுத்தால், புழு என் விரலில் தொங்கிய விதமே சரியில்லை. சளி மாதிரி வழவழவென்று இருந்தது. ஜிக் ஹெட் கொக்கியில் கோத்தால் தன் எடையிலேயே கிழிந்து விழுந்தது. மேஜையில் விட்டுவைத்த இன்னொன்றைச் சுற்றி மறுநாள் காலை எண்ணெய் தேங்கி நின்றது.

விற்றவருக்குப் படம் அனுப்பினேன். பதில் உடனே வந்தது, அந்த விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன்.

“சூடு பத்தல ப்ரோ. இன்னும் ஏத்துங்க.”

“தெர்மாமீட்டர்ல பாத்துட்டுதான் சொல்றேன், 177 வந்துச்சு.”

“உங்க தெர்மாமீட்டர் மேலாப்பு சூட்டத்தான் காட்டும் ப்ரோ. உள்ள பத்தல. தைரியமா ஏத்துங்க.”

இதில் பாதி உண்மை இருந்ததுதான் என்னை மடக்கியது. துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் மேல்பரப்பைத்தான் காட்டும். கிளறிவிட்டுப் பார்த்தால்தான் நம்பலாம். அரைகுறையாக வெந்த பிளாஸ்டிசாலும் பலமில்லாமல்தான் இருக்கும். ஆக, ஆள் தொழில் தெரிந்தவர் என்று நம்பிவிட்டேன். 190 வைத்தேன். அதே சளி. 200 தாண்டினேன். ஓரத்தில் தேன் நிறம் ஏறியது. நான்காவது கப்பை வெளியே எடுத்தபோது பழுப்பாகி, அடியிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது.

கிட்டோடு வந்த ‘புகை மாஸ்க்’கைத்தான் போட்டிருந்தேன். அது வெறும் தூசி மாஸ்க். பிவிசி கருகும்போது கிளம்புவது ஹைட்ரஜன் குளோரைடு வாயு. ஈரம் பட்டால் அதுவே ஹைட்ரோகுளோரிக் அமிலம். நம் கண்ணிலும் தொண்டையிலும் ஈரத்துக்கா பஞ்சம்? ஒரே ஒரு மூச்சுதான் உள்ளே போயிருக்கும். தொண்டையில் ஊசி இறக்கிய மாதிரி இருந்தது. கப்பைத் தரையில் வைத்துவிட்டு வெளியே ஓடினேன். படுத்தால் இருமல், உட்கார்ந்தால் இருமல். விடியும்போதுதான் கொஞ்சம் அடங்கியது. அன்று மேஜையில் திறந்து கிடந்த புதுக் கொக்கிகள் இரண்டு நாளில் துருப்பிடித்திருந்தன. அந்தப் புகையின் வேலைதான் என்பது என் சந்தேகம்.

துணி மாஸ்க், தூசி மாஸ்க் எதுவும் இந்த வாயுவைத் தடுக்காது. அமில வாயுவுக்கும் கரிம ஆவிக்கும் என்று குறிப்பிட்ட கார்ட்ரிட்ஜ் (வடிகட்டி) மாட்டிய முகமூடி வேண்டும். அதுவும் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும். தூசி மாஸ்க்கைப் புகை மாஸ்க் என்று சொல்லி விற்றதை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. போலி மோல்டு காசோடு போச்சு. இது அப்படியா?

மறுபடி அவருக்கு எழுதினேன். இந்தத் தடவை யோசனை மாறியது: “பழைய ரப்பர் மீன் இருந்தா அதையும் உருக்கிக் கலங்க ப்ரோ, கெட்டியாயிடும்.” இதையும் செய்து பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் பெட்டியில் கிடந்த பழசில் ஒன்றிரண்டு, இழுத்தால் முழ நீளத்துக்கு நீளும் ரகம். அது பிவிசியே இல்லை, டிபிஇ என்கிற வேறு ஜாதி. இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது. ஒரே பெட்டியில் சேர்த்துப் போட்டு வைத்தாலே உருகி ஒட்டிக்கொள்ளும். கப்பில் என்ன வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

உண்மை வெளியே வந்தது ஒரு நண்பர் மூலமாக. அவரும் அதே ஆளிடம், எனக்குப் பத்து நாள் கழித்து, அதே 1 லிட்டர் பாட்டில் வாங்கியிருந்தார். அவருடைய புகார் நேர் எதிர்: “கொழகொழன்னு பசை மாதிரி இருக்கு, வார்த்தா செருப்பு அடி மாதிரி வெறச்சுக்குது.” அவருக்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? “சூடு ஜாஸ்தி ப்ரோ. குறைங்க.”

இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் நிழலாகத் தெரிந்தது, நீர்த்த பால் மாதிரி. அவருடையதில் ஒன்றும் தெரியவில்லை. தராசில் 100 மில்லி வைத்தோம். என்னுடையது 100 கிராம், அவருடையது 109. அப்போதுதான் பொறி தட்டியது. பிவிசியின் அடர்த்தி சுமார் 1.4, இளக்கி எண்ணெய்க்கு 1-க்கும் சற்றுக் குறைவு. அசையாமல் வைத்தால் தூள் அடியில் போய்ப் படியும். ஆள் பெரிய டிரம்மில் வாங்கி, கலக்காமலேயே பாட்டில் பாட்டிலாக ஊற்றி விற்றிருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. எனக்கு டிரம்மின் மேல்பக்கம், நண்பருக்கு அடிப்பக்கம். நான் என்ன குலுக்கினாலும் பாட்டிலில் இல்லாத தூள் எங்கிருந்து வரும்?

சும்மா ஒரு ஆத்திரத்தில் இரண்டையும் சரிபாதியாகக் கலந்து, நன்றாகக் கிளறி, 175 டிகிரி வைத்து பிளாஸ்டர் மோல்டில் ஊற்றினோம். கத்தியால் நெம்பி எடுத்ததும் புழு துள்ளியது. கொக்கியில் கோத்து இழுத்தோம், கிழியவில்லை. பக்கெட் தண்ணீரில் விட்டு இழுத்தால் வால் அப்படியே நெளிகிறது! இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். என் நாலு கப் பிளாஸ்டிசாலும் ஒரு ராத்திரித் தூக்கமும் போனது, டிரம்மில் ஒரு கட்டையை விட்டுக் கிண்டச் சோம்பல்பட்ட ஒருவரால்.

தராசு காட்டிய எடையோடு படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். “சூடு பண்ணின சரக்கு ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்” என்று வந்தது. மோல்டு? “படம் மாதிரிக்கு மட்டும்னு போட்டிருக்கோமே.” போட்டிருந்தார்கள்தான், பக்கத்தின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில். நான் எழுதிய விமர்சனம் மறுநாள் காணோம். அதற்கு அடுத்த நாள் என்னையே பிளாக் செய்துவிட்டார்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்காதது என் தப்பு.

அதனால், யாரிடம் வாங்கினாலும் பாட்டில் வந்ததும் சூடாக்குவதற்கு முன் நீளமான குச்சியை அடிவரை விட்டுப் பாருங்கள். அடியில் கெட்டியாகப் படிந்திருந்தால் தப்பில்லை, நல்ல சரக்கும் நாள்பட்டால் படியும். முழுக்கக் கரையும்வரை கிண்டுங்கள். கொஞ்சம்கூடப் படியாமல், மேலும் கீழும் நீர்த்துத் தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். முதல் தடவை 50 மில்லிக்கு மேல் சூடாக்காதீர்கள். மஞ்சள் நிறம் எட்டிப் பார்த்தால் நிறுத்துங்கள், எதிரில் இருப்பவர் எவ்வளவு பெரிய வித்தகராக இருந்தாலும் சரி. கிளிட்டரை மறந்துவிட்டேனே: அதுவும் சூட்டில் சுருண்டு சாயம் விட்டது. சூடு தாங்கும் ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும்.

நேற்று வேறு ஒரு கடைப் பெயரில் அதே மோல்டு படம் கண்ணில் பட்டது. ‘புது ஸ்டாக்’ என்று போட்டிருந்தது. கீழே யாரோ ஒரு தம்பி, புழு கொழகொழவென்று வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். பதில் ரெடியாக இருந்தது: “சூடு பத்தல ப்ரோ.” அந்தத் தம்பிக்கு உள்பெட்டியில் எழுதிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவர் இன்னும் படிக்கவில்லை.