சோரியாசிஸ் மூட்டுவலிக்கு ஆயுர்வேதம்: எனக்குக் கேட்டதும் கேட்காததும்

மேலூர்ப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். சோரியாசிஸ் என்ற தோல் நோயால் தலையிலும் முழங்கையிலும் செதில் உதிர்வது பல வருஷமாக உண்டு. ஆனால் வலது ஆள்காட்டி விரல் அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமனாக உப்பி, கத்தரிக்கோல் வளையத்துக்குள் நுழையாமல் போனபோதுதான் பயம் வந்தது. காலையில் விரலை மடக்கவே ஒரு மணி நேரம் ஆகும். முடக்குவாதத்துக்கு எடுக்கும் ஆர்.ஏ. ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்ததும் ஓர் இடத்தில் 'வாதம் இல்லை' என்று அனுப்பிவிட்டார்கள். சோரியாசிஸ் மூட்டுவாதத்தில் பெரும்பாலும் அது நெகட்டிவாகத்தான் வரும். மதுரையில் பார்த்த மூட்டுவாத நிபுணர், நகத்தில் ஊசி குத்தியது போல இருந்த குழிகளையும் குதிகால் வலியையும் வைத்தே நோயைச் சொல்லிவிட்டார்.

அவர் கொடுத்தது மெத்தோட்ரெக்சேட், அதாவது நோயெதிர்ப்புச் சக்தியின் அத்துமீறலை அடக்கும் மாத்திரை, வாரம் ஒரு முறை. கூடவே ஃபோலிக் ஆசிட். சில மாதங்களில் வீக்கம் வடிந்தது. காலை விறைப்பும் தலை அரிப்பும் மட்டும் விடவில்லை. அதற்காகத்தான், நிபுணரிடம் சொல்லிவிட்டு, பட்டம் பெற்ற ஓர் ஆயுர்வேத மருத்துவரிடம் போனேன்.

முதலில் மகாதிக்தக கிருதம், அதாவது கசப்பு மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய நெய். கசப்பு என்றால் அப்படியொரு கசப்பு. தினமும் காலையில் அளவைக் கூட்டிக்கொண்டே போய், பசித்தால் கஞ்சி, குடிக்க வெந்நீர் மட்டும். அதன் பிறகு விரேசனம், அதாவது பேதி கொடுத்தல். அந்த வாரம் கடையைத் திறக்க முடியவில்லை, உடம்பு துவண்டுவிட்டது. ஆனால் செதில் நன்றாக மெலிந்தது, அரிப்பும் அடங்கியது.

மூட்டுக்குப் பிண்ட தைலம். நல்லெண்ணெயில் மஞ்சிட்டி, நன்னாரி, குங்கிலியம், தேன்மெழுகு சேர்த்துக் காய்ச்சுவது. மஞ்சிட்டியால் செக்கச்செவேல் என்று இருக்கும். மூட்டு எரிகிற மாதிரி இருக்கும்போது இதைத் தடவினால் குளுமை தெரியும். விறைப்புக்கு இலைக்கிழி. எங்கள் கண்மாய்க்கரையில் நொச்சிக்குப் பஞ்சமே இல்லை. 'மதினி, ஆமணக்கு எலையும் ஒடிச்சிட்டு வந்திருக்கேன்' என்று நாத்தனார் கொண்டுவந்து போடுவாள். இலையை நறுக்கி, தேங்காய்த் துருவலும் எலுமிச்சையும் போட்டு எண்ணெயில் வதக்கி, துணியில் முடிந்து சூடாக ஒற்றிஎடுத்தால் விரல் இளகி, காஜா எடுக்கிற அளவுக்கு வளையும். விரல் சிவந்து வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் கிழியும் கூடாது, அழுத்தித் தேய்க்கவும் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அது சரிதான் என்பது என் கைக்கே தெரியும்.

தலைக்கு வெட்பாலைத் தைலம். இது சித்த மருந்து. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகும். மதுரை வெயில் இதற்குத் தோதானது. தலையணை உறைக்குப் பழைய துணி போட்டுக்கொள்ளுங்கள், கறை போகாது.

ஆயுர்வேத மருத்துவர் கொடுத்த கைசோர குக்குலு என்ற மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டோம். அதில் சீந்தில் உண்டு. சீந்திலால் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. நான் சாப்பிடும் வாரமாத்திரையும் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்து. இரண்டும் சேர வேண்டாம் என்றார் நிபுணர், ஆயுர்வேத மருத்துவரும் ஒத்துக்கொண்டார். கல்லீரல் ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் எடுக்கிறேன். இரண்டு பேரிடமும் ஒரே மருந்துப் பட்டியலைத்தான் நீட்டுவேன்.

என் கணக்கில், எண்ணெயும் கிழியும் பேதியும் வலியையும் தோலையும் தணிக்கின்றன, தூக்கம் வருகிறது. மூட்டு அரித்துப்போவதை அவை தடுக்கும் என்று நான் நம்பவில்லை, அந்த வேலைக்கு மாத்திரையைத்தான் நம்பியிருக்கிறேன். மார்கழிப் பனியில் விறைப்பு கூடத்தான் செய்கிறது. எடை குறைந்த பிறகு முழங்காலுக்கு நல்ல வித்தியாசம் தெரிந்தது. இரவு உளுந்துப் பலகாரத்தை விட்டதும் எடை குறைய உதவியது.

தெரிந்த ஒருவர் லேபிள் இல்லாத பொடியை வாங்கிச் சாப்பிட்டார். வலி உடனே பறந்தது, முகம் உப்பியது. நிறுத்தியதும் உடம்பெல்லாம் சோரியாசிஸ் வெடித்தது. ஸ்டீராய்டு கலந்திருந்தால் இப்படி ஆகலாம் என்றார் டாக்டர். தயாரிப்பாளர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத எதையும் வாங்காதீர்கள். பஸ்பம், செந்தூரம் போன்ற உலோக, தாது மருந்துகளை எழுதிக்கொடுத்தால் எதற்கு, எத்தனை நாள் என்று கேளுங்கள்.

குதிகால் வலிக்குத்தான் இன்னும் எதுவும் பெரிதாகக் கேட்கவில்லை. அடுத்த முறை போகும்போது நோயெதிர்ப்புச் சக்தியில் வீக்கத்தைத் தூண்டும் பொருளைக் குறிவைத்துத் தடுக்கும் பயாலஜிக் ஊசி பற்றி நிபுணரிடம் கேட்க இருக்கிறேன்.