சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 18650 செல் (திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் லித்தியம் செல்) வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

9,800 எம்.ஏ.ஹெச் (செல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு) என்று அச்சடித்த செல்லுக்கு இப்போது யாரும் ஏமாறுவதில்லை. நல்ல கம்பெனி 18650 செல்லே 3,500-ஐ ஒட்டித்தான் நிற்கும் என்பது பொழுதுபோக்காக சால்டர் பிடிக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். கடைக்காரர்களுக்கும் அது தெரிந்துவிட்டது. அதனால் பொய்யை நம்பும்படியாகச் சொல்கிறார்கள்.

ஒரு புளூடூத் ஸ்பீக்கருக்காக நான்கு செல் வாங்கினேன். பிரபல கம்பெனியின் பெயர், 3,000 எம்.ஏ.ஹெச், பளபளக்கும் புது ஸ்லீவ் (செல்லைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை). விலையும் அசல் விலைதான். "பில் வேணும்னா ஜிஎஸ்டி தனி சார்" என்றார் கடைக்காரர். வேண்டும் என்றதற்கு, பில் புக் தீர்ந்துவிட்டதாம். ஜிபேயில் கட்டினேன்.

வீட்டில் மல்டிமீட்டர் வைத்தால் ஒன்று 3.9 வோல்ட், ஒன்று 2.4. ஒரே பேட்ச் புது செல்கள் ஏறக்குறைய ஒரே வோல்ட்டேஜில், 3.5 பக்கம்தான் இருக்கும். இந்த நான்கையும் அப்படியே பேரலலில் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) சேர்த்திருந்தால் 3.9-இலிருந்து 2.4-க்குக் கரண்ட் பாய்ந்து செல் கொதித்திருக்கும். எடையைப் பார்த்தேன், 45 கிராம், சரியாகவே இருந்தது. உள்ளே மண் அடைத்த டூப்ளிகேட்டைத்தான் தராசு காட்டிக்கொடுக்கும்; இது வேறு ரகம். மைனஸ் பக்கம் ஸ்லீவை நகத்தால் லேசாக உரித்தேன் (பிளேடு போடாதீர்கள்). பேட்டரிக்குள் செல்களை இணைக்க வெல்டிங் செய்திருந்த பழைய நிக்கல் பட்டையைப் பிய்த்து, எமரி தாள் தேய்த்த தடம். ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள்கூட முழுதாகப் போகவில்லை. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து கழற்றிய செல்லுக்குப் புதுச் சட்டை மாட்டியிருக்கிறார்கள். கொள்ளளவை அளக்கும் டெஸ்டரில் போட்டால் எதுவும் 1,400 எம்.ஏ.ஹெச்-ஐத் தாண்டவில்லை. ஒன்று சார்ஜ் ஏறும்போதே கையில் பிடிக்க முடியாதபடி சுட்டது.

திரும்பப் போனேன். "நீங்க சால்டர் வெச்சிருப்பீங்க சார், அதான் போச்சு." ஹோல்டரில்தான் போட்டேன் என்றேன். "அப்போ உங்க சார்ஜர் சரியில்ல." வெல்டிங் தடத்தைக் காட்டியதும், "ஸ்லீவ் உரிச்ச மால் ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." உரிக்காமல் அதை எப்படிக் கண்டுபிடிப்பதாம்!

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், பில்லில் கெடு எதுவும் இல்லாதபோது குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். ஜிபே ரசீது, டெஸ்டர் படம், வெல்டிங் தடத்தின் குளோசப் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் வாங்கும்போது கையில் மீட்டர் கொண்டுபோங்கள். பணம் கொடுக்கும் முன் நான்கையும் அங்கேயே அளந்து காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். நல்ல சரக்கு விற்கிறவர்களும் அதே தெருவில் இருக்கிறார்கள். மீட்டரைப் பார்த்து அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை.