கிரெடிட் கார்டு வரம்பை நானே குறைத்துக்கொண்டேன்: இரண்டு ஆண்டு அனுபவம்

2023 அக்டோபரில், என்னிடம் இருந்த ஒரே கிரெடிட் கார்டின் வரம்பை 3,00,000 ரூபாயிலிருந்து 75,000 ரூபாயாகக் குறைக்கும்படி வங்கியிடம் நானே கேட்டுக்கொண்டேன். பயம்தான் காரணம். என் பெரியப்பா மகன், தொலைபேசியில் பேசிய மோசடிக்காரனை நம்பி ஓடிபி எண்ணைச் சொல்லிவிட்டு, ஒரே இரவில் 1,40,000 ரூபாயை இழந்திருந்தார். ரகசிய எண்ணை வாடிக்கையாளரே பகிர்ந்துவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும் என்று ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொன்னது. வரம்பு சிறிதாக இருந்தால் போவதும் சிறிதாகத்தான் போகும் என்று நினைத்தேன். அந்தக் கணக்கு சரிதான். அதனுடன் சேர்த்துப் போட்டிருக்க வேண்டிய இன்னொரு கணக்கை நான் போடவில்லை.

மளிகை, பெட்ரோல், மின்கட்டணம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு என்று மாதந்தோறும் கார்டில் 32,000 ரூபாய் அளவுக்குச் செலவாகும். மூன்று லட்சத்தில் அது ஏறத்தாழ 11 விழுக்காடு. 75,000 ரூபாயில் அதே தொகை 43 விழுக்காடு. வரம்பில் எவ்வளவு பங்கைப் பயன்படுத்தியிருக்கிறோம் என்ற இந்த விகிதம் 30 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பொதுவான அறிவுரை. என் செலவில் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை என்றாலும், நம் கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் கடன் அறிக்கையைப் பார்ப்பவர் கண்ணுக்கு நான் திடீரென்று கடனை நம்பி வாழத் தொடங்கியவனாகத் தெரிந்திருப்பேன். வரம்பைக் குறைத்தது நானா, என்னை நம்பாமல் வங்கியா என்பதும் அந்த எண்களிலிருந்து தெரியாது.

கடன் தரும் முன் வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்தான் சிபில் ஸ்கோர். அப்போது 300 முதல் 900 வரையிலான அந்த ஸ்கோரில் என்னுடையது 789. வரம்பு குறைந்த மறுமாதம் அது 773 ஆயிற்று. பெரிய சரிவில்லை என்று விட்டுவிட்டேன். 2024 ஜனவரியில் 27,000 ரூபாய்க்குக் குளிர்சாதனப் பெட்டி ஒன்றை அதே கார்டில் பன்னிரண்டு மாதத் தவணைக்கு வாங்கியதுதான் அடுத்த தவறு. மாதத் தவணை சிறியதுதான். ஆனால் கட்ட வேண்டிய அசல் முழுவதும் நிலுவையில் சேர்ந்ததால், அந்த மாதம் 59,000 ரூபாய், அதாவது வரம்பில் 79 விழுக்காடு பயன்பாட்டில் இருந்ததாகப் பதிவாயிற்று. ஸ்கோர் 744க்கு இறங்கியது. அறிக்கையை வரவழைத்துப் பார்த்தபோது, தாமத நாள்களைக் காட்டும் கட்டங்களில் எல்லா மாதங்களுக்கும் '000' என்றே இருந்தது. ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டியவனுக்கு 45 புள்ளிகள் போயின என்பதை ஏற்றுக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. (நம் ஸ்கோரை நாமே பார்ப்பதால் அது குறையாது, நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது விதி.)

மார்ச் மாதத்திலிருந்து, பில் வரும்வரை காத்திராமல், பில் தேதிக்கு இரண்டு நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டத் தொடங்கினேன். அதுவரை, கடைசித் தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் நிலுவையே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். வட்டியைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் வங்கி தகவல் அனுப்பும் நாளில் கணக்கில் எவ்வளவு நிற்கிறதோ, அதுதான் அறிக்கையில் ஏறுகிறது. மூன்று மாதங்களில் ஸ்கோர் 780ஐத் தொட்டது. 2025 ஜனவரி முதல் வங்கிகள் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை தகவல் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தபின், 13ஆம் தேதி ஒன்றும் மாதக் கடைசியில் ஒன்றுமாக இரண்டு முறை கட்டினேன். இது ஒரு தொல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. வரம்பை அப்படியே விட்டிருந்தால் இந்த நாள்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

இதைவிட உறுத்தியது வேறு. நான் அஞ்சிய ஆபத்துக்கு எளிய வழி கார்டிலேயே இருந்தது. 2020 அக்டோபர் முதல், இணையவழிச் செலவு, வெளிநாட்டுச் செலவு, அட்டையைத் தொட்டுச் செலுத்துவது ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்தவும் அவற்றுக்கு உச்சத் தொகை வைக்கவும் வாடிக்கையாளருக்கு வசதி தந்தாக வேண்டும். வங்கியின் செயலியில் இணையவழிச் செலவுக்கு 15,000 ரூபாய் என்று வைத்திருந்தால், மோசடிக்காரனுக்கும் இணையத்தில் அதுவே எல்லையாக இருந்திருக்கும். அறிக்கையிலோ மூன்று லட்சம் அப்படியே நின்றிருக்கும்.

குறைப்பது ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்தது, ஏற்றுவது அப்படியில்லை. சம்பளச் சீட்டு கேட்டார்கள், வங்கி என் கடன் அறிக்கையைக் கேட்டுப் பார்த்ததாகப் புதிதாக ஒரு கடன் விசாரணை அதில் பதிவாகலாம் என்றும் சொன்னார்கள். அப்போது வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் நேரம் என்பதால் அதைத் தள்ளிப்போட்டேன். 2025 ஜூனில் 786 என்ற ஸ்கோருடன் கடன் கிடைத்தது. ஸ்கோர் அடுக்குக்கு ஏற்ப வட்டி வைக்கும் அந்த வங்கியில், 744 உடன் போயிருந்தால் ஓர் அடுக்கு கீழே உட்கார்ந்திருப்பேன்.

கடன் தொகை கைக்கு வந்த பிறகு வரம்பை 1,50,000 ரூபாயாக ஏற்றிக்கொண்டேன். மாதச் செலவு இப்போது 35,000 ரூபாய், அதாவது 23 விழுக்காடு. பில் வந்த பிறகே கட்டுகிறேன். மூன்று லட்சம் திரும்ப வேண்டுமென்று கேட்கவில்லை. செயலியில் வெளிநாட்டுச் செலவை நிறுத்தி வைத்திருக்கிறேன்.